சுறாவைப் பற்றி எந்தப் புத்தகம் படிக்கலாம்?

கேள்வி, ஜூன் 3

"அண்ணா, மகள் எட்டாம் வகுப்பு போகப் போகிறாள். லீவில் யாரோ போட்டுக் காட்டிய 'ஜாஸ்' படத்தைப் பார்த்ததிலிருந்து கடலில் கால் நனைக்க மாட்டேன் என்கிறாள். திருச்செந்தூர் போயும் கரையிலேயே உட்கார்ந்துகொண்டாள். ஆனால் வீட்டில் விடாமல் சுறாவைப் பற்றியேதான் பேச்சு. அவள் பயம் போகிற மாதிரி ஒரு நல்ல சுறாப் புத்தகம் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்து சுறா என்றாலே ஆளைத் தின்னும் கதைதான்."

ஜூன் 3, இரவு

ஆளைத் தின்னும் கதை இந்த அலமாரியில் ஒரு மூலைதான். மற்ற தட்டுகளை யாரும் காட்டுவதில்லை.

முதலில் யூஜெனி கிளார்க். 1922இல் பிறந்த அமெரிக்கர், அம்மா ஜப்பானியர். அம்மா பத்திரிகைக் கடையில் வேலை பார்க்கும் சனிக்கிழமைகளில் சிறுமியை நியூயார்க் மீன்காட்சியகத்தில் விட்டுவிட்டுப் போவார். கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு மீன்களைப் பார்த்த அந்தப் பெண்தான் பிற்காலத்தில் 'சுறாப் பெண்மணி' என்று உலகம் அழைத்த விஞ்ஞானி. புளோரிடாவில் 1955இல் ஒரு சிறு ஆய்வுக்கூடம் தொடங்கினார். அங்கே எலுமிச்சைச் சுறா இரண்டுக்குப் பயிற்சி கொடுத்தார். பலகையை மூக்கால் முட்டினால் இரை கிடைக்கும் என்று அவை கற்றுக்கொண்டன. சுறாவுக்கு மூளையே கிடையாது, வாய் மட்டும்தான் என்று எல்லோரும் நம்பிய காலம் அது.

அவர் எழுதியதில் 1969இல் வந்த 'த லேடி அண்ட் த ஷார்க்ஸ்' உங்கள் மகளுக்குச் சரியாக இருக்கும். ஆங்கிலம்தான். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் படியுங்கள்.

ஜூன் 4

நேற்று 'ஜாஸ்' பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதை ஒதுக்கச் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள்.

பீட்டர் பெஞ்ச்லியின் நாவல் 1974, படம் அடுத்த வருடம். படம் வந்த பிறகு அமெரிக்கக் கரைகளில் சுறா பிடிப்பது வீர விளையாட்டாகிப் போனது. பெஞ்ச்லி அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. சுறாக்களைப் பற்றித் தெரிந்துகொள்ளத் தெரிந்துகொள்ள, இன்றைக்கானால் அந்த நாவலை எழுத மாட்டேன் என்று வெளிப்படையாகவே சொன்னார். 2006இல் இறக்கும்வரை கடல் பாதுகாப்புக்காகப் பேசினார். சுறாவோடு எப்படிப் பத்திரமாகக் கடலைப் பகிர்ந்துகொள்வது என்று 2002இல் ஒரு புத்தகமும் எழுதினார், 'ஷார்க் ட்ரபிள்'.

மகளிடம் இதைச் சொல்லுங்கள். உன்னைப் பயமுறுத்திய கதையை எழுதியவரே முப்பது வருடம் சுறாவின் பக்கம் நின்றார் என்று. பதின்மூன்று வயதுக்கு இது புரியும்.

ஜூன் 6

ஆளைத் தின்னும் கதையே வேண்டுமென்றால் நடந்ததைப் படிக்கலாம். 1916 ஜூலை 1 முதல் 12 வரை, அமெரிக்காவின் நியூ ஜெர்சி கரையில் சுறா கடித்து நான்கு பேர் இறந்தார்கள், ஒரு பையன் காயத்தோடு பிழைத்தான். அதில் இரண்டு சாவு கடலிலேயே இல்லை, உள்ளே தள்ளி ஓடும் ஓர் ஓடையில். மைக்கேல் கப்புஸோவின் 'குளோஸ் டு ஷோர்' அதை நாள் நாளாகச் சொல்கிறது. எனக்கு அதில் பிடித்தது அதற்கு முந்தைய காலத்தைப் பற்றிய பகுதி. 1891இல் ஒரு பணக்காரர், குளிர்ந்த நீர்ப் பகுதியில் சுறா மனிதனைத் தாக்கியதாக நிரூபித்தால் 500 டாலர் என்று அறிவித்தாராம். யாரும் வாங்க வரவில்லை. அதாவது அதுவரை அந்த ஊர்க்காரர்களுக்குச் சுறாமேல் பயமே இல்லை. பன்னிரண்டு நாளில் வந்து ஒட்டிக்கொண்ட பயம் அது.

வெள்ளைச் சுறாவா, ஆற்றுக்குள் ஏறும் காளைச் சுறாவா என்று இன்றும் வாதாடுகிறார்கள். ஓடையில் நடந்ததை வைத்துப் பார்த்தால் எனக்குக் காளைச் சுறா என்றே படுகிறது.

ஜூன் 9

நேற்று தூத்துக்குடியில் பெரியப்பாவிடம் இந்தப் பேச்சை எடுத்தேன். நாற்பது வருடம் சங்கு குளித்தவர். இப்போது காது சரியாகக் கேட்பதில்லை, அதனால் தெருவுக்கே கேட்கும்படி பேச வேண்டியிருந்தது.

"சுறா கடிச்சிருக்கா பெரியப்பா?"

"என்னையா? அதுக்கு வேற வேலை இல்லியா?"

எட்டுப் பாகம், பத்துப் பாகம் ஆழத்தில் (ஒரு பாகம் சுமார் ஆறடி) பலமுறை பார்த்திருக்கிறாராம். வந்தால் பாரோடு, அதாவது கடலடிப் பாறையோடு, ஒட்டி அசையாமல் இருந்துவிடுவாராம். அது ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விடும். அவருக்குக் குலை நடுங்க வைத்தது சுறா இல்லை, கலங்கல் தண்ணீர். கை நீட்டினால் கை தெரியாத தண்ணீரில் மேலே எது கீழே எது என்று குழம்பிப் போவதைப் பற்றித்தான் கால் மணி நேரம் பேசினார்.

அப்புறம் அவராகவே 'கடல்கட்டி'யைப் பற்றிச் சொன்னார். அவர் பார்த்ததில்லை, அவருடைய தாத்தா சொன்னதாம். முத்துக்குளிப்புக் காலத்தில் சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் ஓதுகிறவர். அவர் ஓதாமல் யாரும் தண்ணீரில் இறங்க மாட்டார்கள்.

வீட்டுக்கு வந்து தேடினால் மார்க்கோ போலோவே எழுதியிருக்கிறார். 13ஆம் நூற்றாண்டின் கடைசி. இந்தக் கடலில் முத்தெடுப்பவர்கள் பத்தில் ஒரு பங்கை அரசனுக்குக் கொடுப்பார்கள், பெரிய மீன்களை மந்திரத்தால் கட்டுகிறவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு. மந்திரம் பகலுக்கு மட்டும்தான், இரவில் அவிழ்த்துவிடுவார்கள். இரவில் திருட்டுத்தனமாக யாரும் இறங்கிவிடக் கூடாதே, அதற்காக. 19ஆம் நூற்றாண்டில் எமர்சன் டென்னன்ட் என்ற பிரிட்டிஷ் அதிகாரி இலங்கையைப் பற்றி எழுதும்போது 'கடல்கட்டி' என்ற தமிழ்ச் சொல்லையே பதிந்திருக்கிறார். அரசாங்கமே அவர்களுக்குப் பணம் கொடுத்தது. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது.

சுறாவைக் கொல்லவில்லை பாருங்கள். பகலில் கட்டினார்கள், இரவில் விட்டார்கள். இது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

ஜூன் 10

'சுறாவைக் கொல்லவில்லை' என்று நேற்று எழுதியதை இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். சரிதான். முத்துக்குளிப்பின்போது சுறாவை வேட்டையாடாமல் மந்திரத்தை நம்பினார்கள் என்பதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதே கரையில் சுறா பிடித்தார்கள், தின்றார்கள், விற்றார்கள். நானே சுறாப்புட்டு தின்று வளர்ந்தவன்.

ஜூன் 14

"தமிழில் ஏதும் இல்லையா" என்று மறுபடி கேட்டிருக்கிறீர்கள். ஹெமிங்வேயின் கிழவர் 'கடலும் கிழவனும்' என்ற பெயரில் தமிழில் கிடைக்கிறார். அதில் முதலில் வரும் மாக்கோ சுறாவை அவர் மதிக்கிறார், பின்னால் கூட்டமாக வருபவற்றைத் திட்டித் தீர்க்கிறார். தினமும் பீப்பாயிலிருந்து ஒரு கோப்பை சுறா ஈரல் எண்ணெய் குடிக்கும் இடமும் உண்டு. மீன் எண்ணெய் மாத்திரை விழுங்கிய தலைமுறைக்கு அந்த வாசனை உடனே மூக்கில் ஏறும்.

ஆனால் நம்மிடம் இதைவிடப் பழையது இருக்கிறது. குறுந்தொகை 269, கல்லாடனார் பாடியது. தலைவனுக்குத் தூது சொல்ல ஆள் கிடைத்தால் நன்றாக இருக்குமே என்கிறாள் தோழி. இப்போது வந்தால் அவளைப் பார்ப்பது எளிது. ஏன்?

"வயச்சுறா எறிந்த புண்தணிந்து எந்தையும்
நீல்நிறப் பெருங்கடல் புக்கனன்"

வலிய சுறா தாக்கிய காயம் ஆறி, அப்பா மறுபடி கடலுக்குப் போய்விட்டார். அம்மா உப்பை மாற்றி வெண்ணெல் வாங்கிவர உப்பளத்துக்குப் போயிருக்கிறாள். வீடு காலி.

ஒரு காதல் கவிதையில் சுறாக்கடி எவ்வளவு சாதாரணமாக வந்துபோகிறது! ஐயோ என்ற அலறல் இல்லை, சுறாமேல் வன்மம் இல்லை. காயம் பட்டது, வீட்டில் கிடந்தார், ஆறியது, போய்விட்டார். 'புண்தணிந்து' என்ற ஒரு சொல்லில் எத்தனை வாரம் அடங்கியிருக்கிறது. அவ்வளவு நாளும் அவர் வீட்டிலேயே கிடந்ததால்தான் இந்தப் பெண் தலைவனைப் பார்க்க முடியவில்லை என்பதும் அதற்குள் இருக்கிறது. நான் இதைக் கல்லூரியில் மனப்பாடம் செய்தபோது சுறாவைக் கவனிக்கவே இல்லை.

பட்டினப்பாலையும் பாருங்கள். உருத்திரங்கண்ணனார் காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவரைச் சொல்கிறார். உவாநாளில், அதாவது முழுநிலா நாளில், கடலுக்குப் போகாமல், 'சினைச் சுறவின் கோடு நட்டு' அதைத் தெய்வமாக வைத்து, உண்டு ஆடுகிறார்கள். சினைச் சுறாவின் கொம்பு. பயந்த மிருகத்தைத்தான் கும்பிட்டார்கள் என்று ஒருவர் சொல்லலாம். பிழைப்பு தந்த மிருகத்தையும் கும்பிடுவோம்.

ஜூன் 15

சுறாவுக்கு ஏது கொம்பு என்று கேட்டவருக்கு: அது வேளா மீன் என்பதுதான் என் எண்ணம். முகத்தில் இருபுறமும் பல் வைத்த ரம்பம் போல நீண்டிருக்கும். நம் ஆட்கள் 'வேளாச் சுறா' என்றும் சொல்வார்கள், ஆனால் உயிரியல் கணக்கில் அது திருக்கை வகை. அடையாளம் சுலபம். செவுள் பிளவு பக்கவாட்டில் இருந்தால் சுறா, அடிப்பக்கம் இருந்தால் திருக்கை. உழுவை மீனும் இப்படித்தான், பார்க்கச் சுறா மாதிரி இருக்கும், புரட்டினால் அடியில் செவுள்.

சங்கப் புலவர் இந்தப் பிரிவினை பார்க்காததில் தப்பில்லை. வேளா இன்று நம் கரையில் கிட்டத்தட்ட இல்லை. என் அம்மா வீட்டு மாடத்தில் ஒரு வேளாக் கொம்பு இருந்தது, என் உயரத்துக்குப் பாதி. வீடு இடித்தபோது எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை. இன்றைக்கும் அது மனதை அறுக்கிறது.

ஜூன் 19

சில நாளாக எழுதவில்லை. பரணில் ஒரு பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தேன், கிடைத்துவிட்டது.

நான் பி.எஸ்சி. விலங்கியல். இந்தியாவில் எங்கே விலங்கியல் படித்திருந்தாலும் ஒரு காலத்தில் ஸ்கோலியோடானை அறுக்காமல் வெளியே வந்திருக்க முடியாது. முழங்கை நீளச் சுறா. பார்மலின் நெடியில் கண் எரிய எரிய, செவுள் ரத்தக்குழாய்களைத் தேடிப் பிரித்தெடுப்போம். தோலில் ஒரு துண்டை வேகவைத்து அதன் பல் போன்ற செதில்களைக் கண்ணாடித் தகட்டில் ஏற்றுவோம். மூக்குப் பக்கத் தோலை அழுத்தினால் சின்னச் சின்னத் துளைகளிலிருந்து ஜெல்லி வரும். இரையின் உடலில் ஓடும் மெல்லிய மின்சாரத்தை உணரும் உறுப்பு அது. லோரென்சினி என்ற இத்தாலியர் 1678இல் அதை விவரித்தார், ஆனால் அது எதற்கென்று உறுதியாக 20ஆம் நூற்றாண்டு வரை ஆனது.

எங்கள் ஆசிரியர் ஒரு பழைய புத்தகத்தைப் பார்த்துத்தான் எல்லாம் வரைந்து காட்டுவார். அட்டை போன ஜெராக்ஸ் பிரதியில் சில பக்கங்கள் என்னிடம் இருந்தன. அதைத்தான் தேடினேன். 'ஸ்கோலியோடான்', 1928, லக்னோவில் பேராசிரியர் பால் நடத்திய இந்திய விலங்கியல் நூல்வரிசையில் இரண்டாவது. முதலாவது மண்புழு. எழுதியவர் பெயர் ஈ. எம். தில்லையம்பலம்.

பெயரைப் பாருங்கள். அன்றைக்கு எங்களில் யாரும் பார்க்கவில்லை, யாரோ ஒரு ஆண் பேராசிரியர் என்று விட்டுவிட்டோம். யாழ்ப்பாணத்துத் தமிழ்ப் பெண். லக்னோவின் இசபெல்லா தோபர்ன் கல்லூரியில் விலங்கியல் பேராசிரியர். பிறகு ஊர் திரும்பி சுண்டுக்குளி மகளிர் கல்லூரியின் அதிபராக இருந்தவர். இந்தியாவில் பல தலைமுறை மாணவர்கள் சுறாவின் உடலைத் தெரிந்துகொண்டது ஒரு தமிழ்ப் பெண்ணின் கை வழியாக. இது எனக்கு ஐம்பது வயதில்தான் தெரிய வருகிறது. பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

கதைப் புத்தகம் இல்லை, பாடநூல். உங்கள் மகளுக்கு இப்போது வேண்டாம். ஆனால் பெயரைச் சொல்லி வையுங்கள். 2014இல் பல்கலைக்கழக மானியக் குழு கல்லூரிகளில் விலங்கறுப்பை நிறுத்தச் சொல்லிவிட்டது. நல்லதுதான். அதோடு இந்தப் பெயரும் மறந்துபோகக் கூடாது.

இன்னொன்று. ஸ்கோலியோடான் முட்டையிடுவதில்லை, குட்டி போடுகிறது. முட்டையில் மஞ்சள் கரு அநேகமாக இல்லை, முட்டையே ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும். குட்டி தாயோடு தொப்புள்கொடியால் இணைந்து வளர்கிறது. ஒரு மீனில்! வயிற்றைத் திறந்தபோது வரிசையாக இருந்த குட்டிகளைப் பார்த்து என் பக்கத்தில் நின்ற பெண் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். அன்று முழுக்க அவள் எடுக்கவில்லை.

ஜூன் 20

"அது பால் சுறாவா?" என்று கேட்டிருக்கிறார்கள். சந்தையில் சின்னச் சுறா எல்லாமே பால் சுறாதான். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கும் என்று புட்டு செய்து கொடுப்போம், என் மனைவிக்குப் பெரியம்மா பத்து நாள் கொடுத்து அனுப்பினார். யாழ்ப்பாணத்தில் முருங்கையிலை போட்டுச் சுறா வறை செய்வார்கள். அறிவியல் புத்தகத்தில் பால் சுறா வேறு இனம், ஸ்கோலியோடான் வேறு.

என் பழைய பக்கங்களில் இனப் பெயர் 'பாலசோரா' என்று இருக்கிறது. பால் சுறாவேதான், லத்தீனில் ஏறிவிட்டது என்று துள்ளினேன்.

ஜூன் 20, சற்றுப் பிறகு

துள்ளியது கொஞ்சம் அவசரம். பேட்ரிக் ரஸ்ஸல் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் விசாகப்பட்டினத்தில் சேகரித்த 200 மீன்களைப் பற்றி 1803இல் வெளியிட்டார், அங்கே மீனவர் சொன்ன பெயர்களையே எழுதினார். 'பால சொர' அங்கிருந்து போனது. தெலுங்கில் சுறாவுக்குச் சொர. எனவே அந்தப் பெருமை விசாகப்பட்டினத்து மீனவர்களுக்கு. சொல் இரண்டு மொழிக்கும் ஒன்றுவிட்ட உறவு என்பதில் எனக்குச் சந்தோஷம்தான்.

ஜூன் 26

இதை எழுதாமல் விட்டால் நான் புத்தகப் பட்டியல் போட்டவனாக மட்டும் நின்றுவிடுவேன்.

பாண்டிச்சேரி சுறா என்று ஓர் இனம் இருக்கிறது. 1839இல் முல்லர், ஹென்லே என்ற ஜெர்மானியர்கள் பெயர் சூட்டினார்கள். இந்த முல்லர்தான், சில சுறாக்குட்டிகள் தாயோடு இணைந்து வளர்கின்றன என்று அரிஸ்டாட்டில் எழுதியதை இரண்டாயிரம் வருடம் கழித்துச் சரிபார்த்து உண்மை என்று சொன்னவர். பாண்டிச்சேரி சுறாவில் அருங்காட்சியகங்களில் இருப்பது இருபதுக்கும் குறைவு. உறுதியான கடைசிப் பதிவு 1979. 2001இல் இந்தியச் சட்டம் அதைப் பாதுகாக்கப்பட்ட பட்டியலில் வைத்தபோதே அதைக் கண்ணால் கண்டு இருபது வருடம் தாண்டியிருந்தது. நம் ஊர்ப் பெயர் கொண்ட மீன். அதைப் பற்றித் தமிழில் ஒரு சிறு புத்தகம்கூட என் கண்ணில் பட்டதில்லை.

உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுறா கடித்து இறப்பவர்கள் சராசரியாக ஐந்தாறு பேர். மனிதர் கொல்லும் சுறா, 2013இல் வந்த ஓர் ஆய்வின் கணக்குப்படி, ஆண்டுக்குப் பத்துக் கோடி.

உடனே மீனவரைத் திட்ட யாரும் வராதீர்கள். கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர்க்காரர்கள் ஆயிரங்கால் தூண்டிலோடு ஆழ்கடலில் சுறா பிடிப்பதில் பேர் வாங்கியவர்கள். கரையோர மீனைப் பெரிய இழுவைமடி வாரிய பிறகு அவர்கள் தூரம் போனார்கள். துடுப்புக்கு விலை வைத்தது எங்கோ இருக்கும் சூப்புக் கிண்ணம். 2015இல் இந்தியா சுறாத் துடுப்பு ஏற்றுமதியைத் தடை செய்தது, சரியான முடிவு. ஆனால் 2001 ஜூலையில் எல்லாச் சுறாவும் திருக்கையும் ஒரே நாளில் தடை என்று அறிவித்து, டிசம்பரில் பத்து இனமாகக் குறைத்தார்களே, அந்த ஐந்து மாதம் கரையில் என்ன பாடுபட்டார்கள் என்று பெரியப்பா வீட்டுத் தெருவில் கேட்டுப் பாருங்கள். எந்த மீன் எது என்று அவர்களுக்குத்தான் தெரியும். அவர்களைக் கேட்டுச் சட்டம் போட்டிருக்கலாம்.

ஜூலை 2

மகள் கேட்டாளாம், சுறா தூங்குமா என்று. இது யூஜெனி கிளார்க்கிடமே கேட்க வேண்டிய கேள்வி. நீந்தாமல் நின்றால் சுறா மூச்சு முட்டிச் செத்துவிடும் என்றுதான் பாடத்தில் இருந்தது. மெக்சிகோவின் இஸ்லா முஹேரெஸ் அருகே கடலடிக் குகைகளில் சுறாக்கள் அசையாமல் கிடப்பதைக் கேள்விப்பட்டு அவரே இறங்கிப் பார்த்தார். கிடந்தன. கண் மட்டும் அவரைத் தொடர்ந்து திரும்பியது. அதனால் 'தூங்கும் சுறா' என்று பெயர் வந்தாலும், தூக்கம்தானா என்று அவரே அடித்துச் சொல்லவில்லை.

அவள் பெரியவளானதும் படிக்க ஒன்று: நார்வேக்காரர் மோர்ட்டன் ஸ்ட்ரோக்ஸ்னஸ் எழுதிய 'ஷார்க் ட்ரங்க்'. இரண்டு நண்பர்கள், ஒரு சிறு ரப்பர் படகு, ஆழத்தில் இருக்கும் கிரீன்லாந்துச் சுறாவைப் பிடிக்க ஒரு வருட முயற்சி. அந்தச் சுறாவின் கண்வில்லையை வைத்து 2016இல் வயது கணித்தார்கள், குறைந்தது 272 வருடம். குட்டி போடும் பருவம் வரவே சுமார் 150 வருடம். வெள்ளைக்காரன் சென்னைக்கு வந்து கொஞ்ச காலத்தில் பிறந்த சுறா ஒன்று இன்றும் நீந்திக்கொண்டிருக்கலாம்.

ஜூலை 9

நேற்று அந்த அம்மா எழுதியது, அப்படியே போடுகிறேன்:

"அண்ணா, ஞாயிற்றுக்கிழமை மீன் மார்க்கெட்டுக்குக் கூட வந்தாள். ஆச்சி ஒருத்தர் உழுவையைக் காட்டி 'சுறா வாங்கிக்கம்மா' என்றார். இவள் உடனே அதைப் புரட்டி, 'ஆச்சி, செவுள் அடியில இருக்கு, இது சுறா இல்ல, திருக்கை வகை' என்றாள். ஆச்சி இவளை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, 'எனக்குத் தெரியும்டீ. உங்கம்மாவுக்குத் தெரியாதுன்னு நினைச்சேன். எத்தனை கிலோ போடட்டும்?' என்றார்."